நொடியில் நூறில் ஒரு பங்கு

எஃப்-சீரோ, வைப்அவுட் போன்ற எதிர்காலப் பந்தய விளையாட்டுகளில் ஓடுவது கார் அல்ல. சக்கரம் இல்லாமல் தடத்துக்கு மேலே மிதந்தபடி பறக்கும் ஊர்தி அது. இவற்றில் ‘டைம் ட்ரயல்’ என்றொரு முறை உண்டு. எதிராளி இல்லை, ஆயுதம் இல்லை. ஒரே தடத்தைத் திரும்பத் திரும்பச் சுற்றி, தன் பழைய நேரத்தைத் தானே முறியடிப்பதுதான் ஆட்டம். புதிதாக வருபவர் முதல் நாளிலேயே பத்து நொடிகளைக்கூடக் குறைத்துவிடுவார். ஒரு மாதம் கழித்து, நொடியில் நூறில் ஒரு பங்கைக் குறைக்க ஒரு மாலை முழுவதும் போய்விடும்.

நின்டெண்டோ நிறுவனம் எஃப்-சீரோவை 1990 நவம்பரில் ஜப்பானில் வெளியிட்டது. அதன் 1998 பதிப்பான எஃப்-சீரோ எக்ஸில் முப்பது ஊர்திகள் ஒரே தடத்தில் ஓடின. வைப்அவுட்டை உருவாக்கியது இங்கிலாந்தின் லிவர்பூலில் இருந்த சிக்னோசிஸ் நிறுவனம். பிளேஸ்டேஷன் ஐரோப்பாவுக்கு வந்த 1995-லேயே அதுவும் கடைக்கு வந்தது. அதன் கதை நடப்பது 2052-ல். அந்த ஸ்டுடியோ 2012-ல் மூடப்பட்டுவிட்டாலும், வைப்அவுட் தொடரின் பிற்காலத் தடங்கள் பல 2017-ல் ‘ஒமேகா கலெக்‌ஷன்’ என்ற தொகுப்பாகத் திரும்பி வந்தன. அவற்றில் நேரம் குறைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கார் விளையாட்டு ஆடிப் பழகியவர்தான் இங்கே முதலில் தடுமாறுவார். டயர் தரையைப் பிடிப்பதால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் திரும்புகிறது. மிதக்கும் ஊர்திக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. மூக்கு திரும்பிய பிறகும் உடல் பழைய திசையிலேயே வழுக்கிப் போகும்.  மரக்காணம் கடலோரக் குப்பங்களில் படகு ஓட்டுபவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. திரும்ப வேண்டிய இடத்துக்கு வந்தபின் திருப்பினால் படகு அந்த இடத்தைத் தாண்டிவிடும் என்பது அவருக்குத் தெரியும். வைப்அவுட்டின் ‘ஏர் பிரேக்’ வேலை செய்வதும் துடுப்பைப் போலத்தான். இடப்பக்கத் துடுப்பைத் தண்ணீரில் ஊன்றிப் பிடித்தால் படகு இடப்பக்கம் திரும்பும். இடப்பக்க ஏர் பிரேக்கை அழுத்தினால் ஊர்தியும் அப்படியே. பெயரில் பிரேக் இருந்தாலும் இதன் முதல் வேலை திருப்புவதுதான். வளைவுக்குச் சற்று முன்பே லேசாகத் தொட்டு விடுபவருக்கு வேகம் மிஞ்சும். வளைவின் நடுவில் பதறி அழுத்துபவருக்குத் திருப்பமும் கிடைக்காது, வேகமும் போய்விடும்.

நேரம் எங்கே போகிறது என்று கேட்டால், பலரும் நேர்பாதையில் வேகம் போதவில்லை என்பார்கள். ஆனால் நேர்பாதையில் செய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை. அங்கே கிடைக்கப்போகும் வேகம் முந்தைய வளைவின் வாசலிலேயே முடிவாகிவிடுகிறது. மணிக்கு 800 கிலோமீட்டர் வேகத்தில் வெளிவரும் ஊர்தி ஒரு கிலோமீட்டரை 4.5 நொடியில் கடக்கும். 780-ல் வெளிவந்து அதே வேகத்தில் போனால் 4.62 நொடி ஆகும். ஒரே வளைவில் நொடியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் நஷ்டம். ஆகவே வளைவுக்குள் வேகமாகப் பாய்வதைவிட, உள்ளே சற்றுப் பொறுத்து, வெளியே வரும்போது மூக்கு நேராகவும் வேகம் முழுதாகவும் இருக்கும்படி பார்ப்பதே லாபம். இருங்காட்டுக்கோட்டையில் உள்ள 3.717 கிலோமீட்டர் சென்னைப் பந்தயத் தடத்தில் நிஜக் கார் ஓட்டுபவர்களுக்கும் இதுவேதான் பாடம்.

சுவரில் உரசுவது அடுத்த பெரிய செலவு. 1995-ன் முதல் வைப்அவுட்டில் சுவரில் மோதினால் ஊர்தி ஏறத்தாழ நின்றே போகும். பலரும் சலித்துக்கொள்ள, அடுத்த ஆண்டு வந்த வைப்அவுட் 2097-ல் அந்தத் தண்டனையைக் குறைத்தார்கள். எஃப்-சீரோ எக்ஸில் கணக்கு வேறு. முதல் சுற்று முடிந்ததும் ஊர்தியின் சக்தியைச் செலவழித்து ‘பூஸ்ட்’ எடுக்கலாம். சுவரில் பட்டாலும் கரைவது அதே சக்திதான். ஒருமுறை உரசியவர் அந்தக் கணத்து வேகத்தோடு, அடுத்து எடுக்கவேண்டிய பூஸ்ட்டையும் சேர்த்து இழக்கிறார். இருக்கும் பூஸ்ட்டை எங்கே போடுவது என்பதும் யோசிக்கவேண்டியதே. நீண்ட நேர்பாதையின் தொடக்கத்தில் போட்டால் அந்த வேகம் பாதை முழுக்க உதவும். வளைவுக்கு முன்னால் போட்டால், உடனே பிரேக் பிடித்து அதைத் தானே அழிக்கவேண்டி வரும்.

விளையாட்டில் இந்தக் கணக்குகளை வெளியிலிருந்து எதுவும் குலைப்பதில்லை; நிஜத்தில் அப்படியல்ல. தரையில் அதிவேகச் சாதனை படைப்பவர்கள் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள பான்வில் உப்புவெளிக்குப் போவார்கள். மரக்காணம் உப்பளத்தைப் போல வரப்பும் பாத்தியுமாக இல்லாமல், மைல்கணக்கில் ஒரே சமதளமாக விரிந்து கிடக்கும் இயற்கை உப்புத்தரை அது. காற்று யாருக்கும் சாதகமாகிவிடக் கூடாது என்பதால், ஒரு மணி நேரத்துக்குள் இரு திசையிலும் ஓடி, சராசரியைத்தான் பதிவு செய்ய வேண்டும். திரையில் ஓடும் தடத்தில் காற்று மாறுவதில்லை, தரை தேய்வதில்லை. நேற்றைய நேரத்துக்கும் இன்றைய நேரத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய முழுக்கக் கையில்தான் இருக்கிறது.

அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க உதவுவது ‘கோஸ்ட்’. விளையாடுபவரின் சிறந்த ஓட்டத்தைப் பதிவு செய்து, அடுத்த ஓட்டத்தின்போது நிழல்போல முன்னால் ஓடவிடும் வசதி இது. அதை முந்துவது மட்டுமே குறி என்றால் பாதிப் பயன்தான். எந்த வளைவில் அது விலகிப் போகிறது, எங்கே பக்கத்தில் வருகிறது என்று பார்ப்பவருக்கே தன் நேரம் எங்கே கசிகிறது என்பது புலப்படும். பாத்தி பாத்தியாகத் தடத்தைப் பிரித்து, அதிகம் கசியும் பாத்தியை மட்டும் சில நாள் கவனிப்பது, கண்ணை மூடிக்கொண்டு ஐம்பது சுற்று ஓடுவதைவிட மேல்.

சில சமயம் குறை கையில் இல்லை, தொலைக்காட்சியில் இருக்கிறது. நொடிக்கு 60 படம் காட்டும் ஆட்டத்தில், 800 கிலோமீட்டர் வேக ஊர்தி ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடையில் 3.7 மீட்டர் நகர்கிறது. படத்தை மெருகேற்றும் வேலையில் தொலைக்காட்சி பத்தில் ஒரு நொடி தாமதித்தால், கண் பார்க்கும் இடத்தைத் தாண்டி ஊர்தி 22 மீட்டர் போயிருக்கும். தொலைக்காட்சியின் அமைப்பில் ‘கேம் மோட்’ இருந்தால் அதைத் தேர்ந்தெடுப்பது, புதிய கன்ட்ரோலர் வாங்குவதைவிட மலிவான முன்னேற்றம். டைம் ட்ரயலுக்கு இணையவேகம் பொருட்டே அல்ல என்பது கிராமத்தில் விளையாடுபவருக்கு ஒரு ஆறுதல்.

நன்றாக ஆடுபவர்களையும் பிடித்துக்கொள்ளும் பழக்கம் ஒன்று உண்டு. முதல் வளைவில் சின்னப் பிழை வந்தாலும் உடனே ‘ரீஸ்டார்ட்’ அழுத்துவது. இப்படி நூறு முறை தொடங்கியவர் முதல் வளைவை நூறு முறை பழகியிருப்பார்; கடைசி வளைவை ஐந்தாறு முறைதான் பார்த்திருப்பார். அபூர்வமாக எல்லாம் சரியாக அமைந்து, சாதனை நேரம் கைக்கு எட்டும்போது, பழக்கமில்லாத அந்தக் கடைசி வளைவில்தான் சுவரில் போய் முட்டுவார். பிழை வந்த ஓட்டத்தையும் முடிவுக்கோடு வரை ஓட்டி முடிப்பவருக்குக் கடைசி வளைவும் முதல் வளைவைப் போலவே கைக்குப் பழகிவிடும்.