தீர விசாரிப்பதே மெய்!



தீபாவளி சீசனில் நம்ம சிவகாசிப் பக்கம் பட்டாசுக் கடைகளில் கண்காணிப்புக் கேமராவைப் பார்த்திருப்பீங்க. திருட்டோ விபத்தோ நடந்தால் போலீஸ் முதலில் கேட்பது அந்தப் பதிவைத்தான். ஒரு நாளைக்கு 10 கேமரா என்றால் 240 மணி நேரப் பதிவு! ஒருத்தரே தூங்காமல் பார்த்தாலும் 10 நாள் ஆகும். இங்கேதான் செயற்கை நுண்ணறிவு கைகொடுக்கிறது.

அது என்ன செய்யும்?
1. 'சிவப்புச் சட்டை, பைக்' என்று கேட்டால் அப்படிப்பட்ட காட்சிகளை மட்டும் பிரித்துத் தரும்.
2. செல்போனில் இருக்கும் ஆயிரக்கணக்கான படங்களில் தேவையானதைத் தேடும்.
3. முகங்களை ஒப்பிடும். தமிழ்நாடு காவல்துறையில் இதற்கான மென்பொருள் 2021 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பட்டது.

கேமராப் பதிவு அவ்வளவு முக்கியமா?
ஆமாம்! 2015-ல் திருச்செங்கோடு கோயிலுக்குப் போன ஒரு இளைஞர் மறுநாள் ரயில் தண்டவாளத்தில் பிணமாகக் கிடந்தார். முக்கிய சாட்சி பிறழ்ந்து பேசினார். கோயில் கேமராப் பதிவு பேசியது! 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது.

பதிவை யாரும் மாத்தலைன்னு எப்படித் தெரியும்?
ஒவ்வொரு கோப்புக்கும் 'ஹாஷ்' என்ற எண்ணைக் கணக்கிடலாம். அது கைரேகை மாதிரி. நம்ம ஊர் அச்சாபீஸில் காலண்டரில் ஒரு எழுத்து மாறினால் யாருமே கவனிக்காமல் போகலாம். ஆனால் கோப்பில் ஒரு எழுத்து மாறினாலும் ஹாஷ் மொத்தமும் மாறிவிடும். 2024 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம், 63-ஆம் பிரிவின்படி தரும் சான்றிதழில் இந்த ஹாஷைக் குறிப்பிடணும். ஆய்வு செய்வதும் நகலில்தான். அசல் பத்திரமாக இருக்கும்.

கம்ப்யூட்டர் சொன்னால் சரியாத்தான் இருக்குமா?
இல்லை! அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருடுபோயின. மங்கலான கேமராப் படத்தோடு ஒருவரின் லைசென்ஸ் படம் பொருந்துவதாக மென்பொருள் காட்டியது. 2020 ஜனவரியில் அவரை வீட்டு வாசலில், மகள்கள் கண் முன்னாலேயே கைது செய்தார்கள். சுமார் 30 மணி நேரம் காவலில் இருந்தார். அவர் திருடவே இல்லை! ஏன் இப்படி? அந்த மென்பொருள் 'இவர்தான்' என்று சொல்வதில்லை. 'இவர் மாதிரி இருக்கு' என்றுதான் சொல்லும். மீதியை மனுஷன்தான் விசாரிக்கணும்.

நமக்கு இது எதற்கு?
2012 செப்டம்பர் 5-ல் நடந்த முதலிப்பட்டி வெடி விபத்தைப் பெரியவர்கள் இன்னும் மறக்கவில்லை. வெடி ஆபீஸ் எரிந்தால் ரிஜிஸ்டரும் சேர்ந்தே எரியும். உள்ளே எத்தனை பேர் இருந்தாங்க, அனுமதித்த அளவை மீறினாங்களா என்பதற்கு வாசல் கேமராப் பதிவு ஒன்றே மிஞ்சலாம். உறவை இழந்த குடும்பத்துக்கு உண்மை தெரியணும். தப்பே செய்யாத ஒருத்தர் மாட்டவும் கூடாது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். இந்தப் பழமொழி கம்ப்யூட்டருக்கும் பொருந்தும். யோசியுங்கள் நண்பர்களே!