தலைக்கவசத்தின் கீழே முக்காடு

குதிரையேற்றப் போட்டிகளில் உடை விதி கண்டிப்பானது: கோட், வெளிர்நிறக் காற்சட்டை, நீண்ட சப்பாத்து, நாடியில் இறுகப் பூட்டிய தலைக்கவசம். சர்வதேசப் போட்டிகளில் அழகுக்காக அணிந்த உயரத் தொப்பிக்கு 2021 முதல் இடமில்லை. விழுந்தால் அது தலையைக் காக்காது.

குதிரைப் பந்தயத்திலும் தலைக்கவசம் கட்டாயம். 2019 ஓகஸ்டில் இங்கிலாந்தின் குட்வூட்டில் நடந்த பெண்கள் பந்தயத்தில், 18 வயது கதீஜா மெல்லா அதன் கீழே முக்காடு அணிந்து சென்று முதலிடம் பெற்றார்.

சகோதரிகளே, கல்முனையில் நமக்குக் குதிரை வேண்டாம். இல்ல விளையாட்டுப் போட்டியன்று உடுப்பால் ஒதுங்கி நிற்கும் மகள் நம் வீட்டிலும் இருக்கலாம். "இந்த உடுப்போடு ஓட முடியாது" என்று யாரும் சொன்னால், ஏனென்று கேளுங்கள். பாதுகாப்புத்தான் காரணமென்றால், ஏற்ற உடுப்பை நாமே தைத்துக் கொடுப்போம். காரணமே இல்லையென்றால், பிள்ளை ஓடட்டும்.