புயலின் பெயர்

வடமேற்குப் பசிபிக் பெருங்கடலில் உருவாகும் கடும்புயல்கள் ‘டைபூன்’ எனப்படுகின்றன. ஒரே காலத்தில் இரண்டு, மூன்று புயல்கள் தோன்றுவதும் உண்டு. அப்போது எச்சரிக்கைகள் ஒன்றோடொன்று குழம்பாதிருக்கப் பெயர்கள் துணைசெய்கின்றன. டைபூன் குழுவின் 14 உறுப்பினர்களும் தலா 10 பெயர்களை வழங்கியுள்ளனர். அப்பட்டியல் 2000ஆம் ஆண்டு முதல் சுழற்சிமுறையில் பயன்படுகிறது. காற்றின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 63 கிலோமீட்டரை எட்டியதும், ஜப்பான் வானிலை நிறுவனம் அடுத்த பெயரைச் சூட்டுகிறது. பிலிப்பைன்ஸ், தன் மக்கள் எளிதில் நினைவில்கொள்ளத் தனிப்பெயரும் இடுகிறது.

2013இல் 31 புயல்கள் பெயர்பெற்றன. அவற்றுள் ஒன்றான ‘ஹையான்’, பிலிப்பைன்ஸில் ‘யோலாண்டா’ எனப்பட்டது. சீனா வழங்கிய ‘ஹையான்’ என்னும் சொல் ஒரு கடற்பறவையைக் குறிப்பது. அப்புயல் 6,000க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. பெருந்துயரைச் சுமந்த பெயரை மற்றொரு புயலுக்கு இடுதல் தகாது. எனவே, ‘ஹையான்’ பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ‘பைலூ’ அவ்விடத்தைப் பெற்றது.