வரிப் போரும் வல்லம் வடகாலும்

அமெரிக்காவும் சீனாவும் உலகின் முதலிரண்டு பொருளாதாரங்கள். அரசியலில் எதிரெதிராக நிற்கும் இவ்விரு நாடுகளும் வணிகத்தில் ஒன்றையொன்று உதற முடியாதவை. 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் சீனா சேர்ந்தபின், அமெரிக்க நிறுவனங்கள் பல தங்கள் உற்பத்தியை அங்கே மாற்றின. சீனருக்கு வேலையும் அமெரிக்கருக்கு மலிவான பொருளும் கிடைத்தன. ஆனால் சீனாவிடம் அமெரிக்கா வாங்கியது அதிகம், விற்றது குறைவு. 2018இல் சரக்கு வர்த்தகத்தில் இந்தப் பற்றாக்குறை 40,000 கோடி டாலரைத் தாண்டியது.

அந்த ஆண்டு ஜூலை 6 அன்று, 3,400 கோடி டாலர் மதிப்புள்ள சீனப் பொருட்களுக்கு அமெரிக்கா 25 சதவீத இறக்குமதி வரி விதித்தது. சோயாபீன்ஸ் உள்ளிட்ட அமெரிக்கப் பொருட்களுக்குச் சீனாவும் அதே அளவில் வரி போட்டது. 2020 ஜனவரியில் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் பெரும்பாலான வரிகள் நீடித்தன. 2022 அக்டோபரில் உயர்தர சிப்புகளைச் சீனாவுக்கு விற்கவும் அமெரிக்கா கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2025 ஏப்ரலில் அமெரிக்க வரி 145 சதவீதமாகவும் சீன வரி 125 சதவீதமாகவும் ஏறின. மே மாத ஜெனீவா பேச்சுக்குப் பின் அவை முறையே 30, 10 சதவீதமாக இறங்கின.

இப்படி வரி ஏறி இறங்கும்போது, மொத்த உற்பத்தியையும் ஒரே நாட்டில் வைத்திருப்பது ஆபத்து. 2022 இறுதியில் கொரோனா கட்டுப்பாடுகளால் சீனாவின் செங்சௌ ஐபோன் ஆலை முடங்கியது இதை உறுதிப்படுத்தியது. இந்திய அரசு 2020இல் அறிவித்த, உற்பத்தியுடன் இணைந்த ஊக்கத்தொகைத் திட்டமும் நிறுவனங்களை இங்கே ஈர்த்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகிலுள்ள ஃபாக்ஸ்கான் ஆலையில் 2020இல் ஐபோன் 11 தயாரானது. 2022இல் ஐபோன் 14 உலகச் சந்தைக்கு வந்த சில வாரங்களிலேயே இங்கும் உற்பத்தி தொடங்கியது.

இந்த மாற்றத்தின் அளவை ஸ்ரீபெரும்புதூருக்கு அருகிலுள்ள வல்லம் வடகால் சிப்காட் தொழிற்பூங்காவில் பார்க்கலாம். ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் தங்குவதற்காக 706.50 கோடி ரூபாயில் கட்டப்பட்ட குடியிருப்பு வளாகம் 2024 ஆகஸ்டில் அங்கே திறக்கப்பட்டது. 13 அடுக்குமாடிக் கட்டடங்களில் மொத்தம் 18,720 படுக்கைகள். தமிழ்நாட்டின் மின்னணு ஏற்றுமதி 2023–24இல் 956 கோடி டாலர். அடுத்த ஆண்டில் 1,465 கோடி டாலர்.

வரி வித்தியாசம் எப்படி வேலை செய்கிறது என்பதற்குக் கைபேசியே உதாரணம். 2025 ஏப்ரலில் அமெரிக்கா ஸ்மார்ட்போன்களுக்குப் புதிய பரஸ்பர வரியிலிருந்து விலக்களித்தது. ஆனால் சீனாவுக்கென்று முன்பே விதித்த 20 சதவீதம் தொடர்ந்தது. அப்போது 50,000 ரூபாய் மதிப்புள்ள கைபேசி சீனாவிலிருந்து போனால் 10,000 ரூபாய் வரி கட்ட வேண்டியிருந்தது. இந்தியாவிலிருந்து போனால் அந்த வரி இருக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் பல இந்தியப் பொருட்கள் மீதான வரி 50 சதவீதமானபோதும் கைபேசிக்கு விலக்கு நீடித்தது.

ஆனால் இங்கே பெரும்பாலும் நடப்பது பாகங்களைப் பொருத்தும் வேலை. பல உதிரிபாகங்களும் இயந்திரங்களும் இன்னும் சீனாவிலிருந்தே வருகின்றன. 2025 ஏப்ரலில் அருமண் தனிமங்களின் ஏற்றுமதிக்குச் சீனா கட்டுப்பாடு விதித்தது. அந்தத் தனிமங்களால் ஆன காந்தங்கள் கிடைக்காமல் இந்திய வாகன நிறுவனங்கள் தவித்தன. வாகன ஆலைகள் நிறைந்த ஒரகடம் வட்டாரத்துக்கு இது பெரிய எச்சரிக்கை. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்ததையும் இப்பகுதி மறக்கவில்லை.

உதிரிபாக உற்பத்திக்கென 2025இல் மத்திய அரசு 22,919 கோடி ரூபாயில் ஒரு திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. தமிழ்நாடு அரசும் தனித் திட்டம் தொடங்கியது. பிறர் போடும் வரியால் வந்த வாய்ப்பு, அந்த வரி இறங்கினால் போய்விடும். பாகங்களையும் இங்கேயே செய்யும் திறனும், தொழிலாளர்களுக்கு நல்ல கூலியும் தங்குமிடமும் இருந்தால்தான் வந்த தொழில் நிலைக்கும்.