பெட்டியோடு வரும் பவர் சப்ளை போதுமா?

வீட்டிலேயே கணனி பூட்ட விரும்பும் நேயர்கள் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் எந்தப் புரொசெசர், எத்தனை ஜிபி ராம் என்றுதான். பவர் சப்ளையைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கேசோடு சேர்ந்து வந்ததே போதும் என்று விட்டுவிடுகிறார்கள். ராம் பழுதானால் ராமை மாற்றலாம். மலிவான பவர் சப்ளை பழுதாகும்போது மதர்போர்ட்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டுபோகக் கூடும். எங்கள் வீடுகளில் அந்த டிஸ்க்கில்தான் ஊரிலிருந்து கொண்டுவந்த நாலைந்து படங்களின் ஸ்கானும், அம்மம்மாவின் குரலும் இருக்கின்றன. பல வீடுகளில் வேறு பிரதி கிடையாது.

சுவரிலிருந்து வரும் ஆடலோட்ட மின்னை 12, 5, 3.3 வோல்ற்று நேரோட்டமாக மாற்றுவதே இதன் வேலை. இன்றைய கணனியில் புரொசெசரும் கிராபிக்ஸ் கார்ட்டும் அநேகமாக 12 வோல்ற்றில்தான் ஓடுகின்றன. ஆகவே பெட்டியில் பெரிய எழுத்தில் உள்ள '500 வாற்று' என்பதைப் பார்த்துக் காசைக் கொடுக்காதீர்கள். பக்கத்தில் ஒட்டியிருக்கும் லேபலில் 12 வோல்ற்றுக்கு எத்தனை அம்பியர் என்று பார்த்து, அதை 12ஆல் பெருக்குங்கள். 18 அம்பியர் என்றால் 216 வாற்றுதான். 500 எங்கே, 216 எங்கே! நல்ல 450 வாற்று சப்ளை ஒன்றில் அது 37 அம்பியர் அளவில் இருக்கும். அதாவது 444 வாற்று.

எவ்வளவு தேவை? 65 வாற்றுப் புரொசெசர் முழு வேலையில் 90 வரை இழுக்கலாம். ரேடியன் ஆர்எக்ஸ் 6600 கார்ட்டுக்கு 132. மற்றவற்றுக்கு ஒரு 50. மொத்தம் 270 அளவு. 450 வாற்று தாராளம். தனிக் கார்ட் இல்லாத, பிள்ளைகளின் படிப்புக்கான கணனிக்கு நல்ல 300 போதும். பெரியதை வாங்கினால் கரண்ட் பில் ஏறும் என்பதும் சரியல்ல. கணனி கேட்கிற அளவுக்குத்தான் அது இழுக்கும்.

2004இல் தொடங்கிய '80 பிளஸ்' முத்திரை மின் விரயத்தைப் பற்றியது. வெண்கலத் தரம் பாதிச் சுமையில் 85 வீதம். கணனிக்கு 200 வாற்று கொடுக்கச் சுவரிலிருந்து 235 அளவு எடுக்கும், மீதி சூடாகப் போகும். பாதுகாப்புக்கு அது உத்தரவாதம் அல்ல. மிகை மின்னோட்டம், மிகை வோல்ற்றளவு, குறுஞ்சுற்று ஆகியவற்றில் தானாக நின்றுவிடும் வசதி உண்டா என்று தனியாகப் பாருங்கள். 5 வருட உத்தரவாதம் தரும் கொம்பனிக்குத் தன் பொருளில் ஓரளவு நம்பிக்கை உண்டு என்று எடுக்கலாம். இதில் மட்டும் பழையது வாங்குவதை நான் விரும்புவதில்லை; உள்ளேயுள்ள கப்பாசிற்றர்கள் வெப்பத்தில் வருடக் கணக்காகத் தேய்ந்தவை.

கழற்றிப் பூட்டும் வயர்கள் உள்ள சப்ளையை மாற்றும்போது பழைய வயர்களை விட்டுவைக்காதீர்கள். சப்ளைப் பக்கத்து ஊசிகளின் ஒழுங்கு கொம்பனிக்குக் கொம்பனி வேறு. பொருந்துகிறதே என்று செருகினால் டிஸ்க் கருகிவிடும்.

கனடாவிலிருந்து ஊருக்குக் கணனி அனுப்புகிறவர்களுக்கு ஒன்று. இங்கே 120 வோல்ற்று, இலங்கையில் 230. பழைய, மலிவான சப்ளைகளின் பின்புறம் 115/230 என்று ஒரு சிவப்புச் சுவிற்ச் இருக்கும். அதை 115இல் விட்டு யாழ்ப்பாணத்தில் பிளக்கைச் செருகினால் அந்த நிமிடமே வெடிக்கும். லேபலில் '100–240' என்று இருந்தால் சுவிற்ச் தேவையில்லை, தானே சரிசெய்யும். சுவிற்ச் உள்ளதென்றால், பெட்டி கட்டும் முன்பே 230க்குத் தள்ளி, மேலே ஒரு ரேப் ஒட்டிவிடுங்கள்.