திருவொற்றியூர் முதல் திருவையாறு வரை: வேனில் ஓர் இசைப் பாதை

கத்திவாக்கத்திலிருந்து குடும்பத்தோடு இசை ஊர்களைப் பார்க்கக் கிளம்பினால், முதல் நிறுத்தம் தஞ்சாவூர் இல்லை. பக்கத்திலிருக்கும் திருவொற்றியூர்தான். தியாகராஜர் முதிய வயதில் திருவையாற்றை விட்டுக் கிளம்பி காஞ்சிபுரம், திருப்பதி, கோவூர், சென்னை என்று யாத்திரை வந்தார். அவருடைய சீடர் வீணை குப்பய்யரின் ஊர் திருவொற்றியூர். அங்கே வடிவுடையம்மன் மேல் ஐந்து கீர்த்தனைகள், கோவூரில் சுந்தரேசுவரர் மேல் ஐந்து, காவிரிக்கு வடக்கே லால்குடியில் ஐந்து. இந்த மூன்று ஊரையும் கோத்துக்கொண்டு அவர் வந்த திசைக்கு எதிர்த்திசையில் போனால் திருவையாறு வந்துவிடும். ஊருக்கு ஊர் பாட்டைப் போனில் போட்டுக் கேட்டுக்கொண்டே போகலாம். பிள்ளைகளுக்கும் எதற்காக இந்த ஊரில் இறங்குகிறோம் என்பது புரியும்.

கிளம்ப வேண்டியது விடியலுக்கு முன்னால். எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் வரிசை கட்டிவிட்டால், ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் கட்டிக்கொண்டு வந்த இட்லி தீர்ந்துவிடும். வேன் வாடகைக்கு எடுப்பவர்கள் மஞ்சள் போர்டு வண்டியாகப் பாருங்கள். தெரிந்தவர் வண்டி, சல்லிசாகக் கிடைக்கிறது என்று சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு எடுத்தால், விபத்து நடந்தால் காப்பீட்டுப் பணம் கிடைப்பது பெரிய தகராறு ஆகிவிடும்.

கோவூர் போரூருக்கும் குன்றத்தூருக்கும் நடுவில். காலையிலேயே தரிசனம் முடித்து ஜி.எஸ்.டி. சாலையைப் பிடித்தால் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, பெரம்பலூர். திருச்சிக்குள் நுழையும் முன்பே நம்பர் 1 டோல்கேட்டில் இடப்பக்கம் திரும்பினால் லால்குடி. வயலின் ஜெயராமனின் ஊர். அவருடைய முன்னோர் ராமய்யர் தியாகராஜரிடம் பாடம் கேட்டவர். கோயில் மதியம் சாத்திவிடுவார்கள், மாலை நான்கு மணிக்கு மேல் போவதே நல்லது.

இனி ராத்தங்கல். கூடாரம் அடித்துத் தூங்க வேண்டும் என்பது இப்போது பிள்ளைகளின் ஆசை. சமவெளியில் அதற்கு இடம் குறைவு; காட்டில் வனத்துறை அனுமதி இல்லாமல் தங்கவே கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு இந்தக் கண்டிப்பு கூடிவிட்டது. முறையாகக் கேட்டு, கழிப்பறை உள்ள தோட்டம் எதிலாவது கூடாரம் போட்டுக்கொள்ளலாம். கொள்ளிடத்து மணலில் மட்டும் வேண்டாம். பார்க்க வறண்டு கிடக்கும், நிலா வெளிச்சத்தில் மெத்தை மாதிரி இருக்கும். மேட்டூரில் திறந்த உபரித் தண்ணீரை முக்கொம்பு அணையிலிருந்து கொள்ளிடத்தில்தான் தள்ளிவிடுவார்கள். மழை இல்லாத ஊரிலும் வெள்ளம் வரும் ஆறு அது.

அதைவிட நம்மவர்களுக்குப் பழகிய வழி ஒன்று உண்டு: கோயில் விடுதியில் ஒரு கூடம் எடுத்து, பாயை விரித்து எல்லோரும் வரிசையாகப் படுப்பது. சமையல் சாமான் கொண்டு போகிறவர்கள் அடுப்பை வண்டிக்குள் பற்றவைக்கவே கூடாது. 2023 ஆகஸ்டில் மதுரை ரயில் நிலையத்தில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்ததற்குக் காரணம், விதியை மீறிக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டர். புளியோதரையும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் இரண்டு வேளை தாங்கும். நெத்திலிக் கருவாட்டை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், கோயில் விடுதியில் மணம் பேசும்.

லால்குடியிலிருந்து திருமானூர்ப் பாலம் வழியாகத் திருவையாறு. 1847 ஜனவரி 6-இல் தியாகராஜர் மறைந்தார். அவருடைய சமாதி வெகு காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1920-களில் தம் நகைகளையும் சொத்தையும் விற்று அங்கே கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். பெண்கள் அங்கே பாடக்கூடாது என்றிருந்த வழக்கத்தை எதிர்த்து நின்று மாற்றியவரும் அவர்தான். சமாதிக்கு எதிரிலேயே அவருக்கும் சிலை உண்டு. பிள்ளைகளை அங்கே கொஞ்ச நேரம் நிறுத்திக் கதை சொல்லலாம். ஜனவரியில் தியாகராஜருக்கு நடக்கும் ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவதைக் கேட்பது தனி அனுபவம்தான். ஆனால் அந்த நாட்களில் அறை கிடைக்காது.

என்னைக் கேட்டால், நேரம் செலவிட வேண்டிய இடம் கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவிலுள்ள நரசிங்கம்பேட்டை. நாகஸ்வரம் கடையும் ஊர். 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மரம் ஆச்சா; ஆனால் புது மரம் ஆகாது. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கும் உத்திரமும் தூணும் வாங்கி வருவார்கள். பல பத்தாண்டு வெயிலும் மழையும் பார்த்து ஈரம் முழுக்கப் போன கட்டைதான் பிறகு விரியாது, வளையாது. அதைக் கடைசலில் ஏற்றி உருட்டி, உள்ளே நீளத் துளை இறக்கி, பிறகு ஏழு விரல் துளைகளை இடுவார்கள். துளை கொஞ்சம் இடம் மாறினாலும் சுருதி போய்விடும். அடியில் பூப்போல விரியும் அணசு வாகை மரத்தில் தனியாகச் செய்து பொருத்துவது. வாயில் வைக்கும் சீவாளி நாணலில் செய்தது.

பக்கத்துத் திருவாவடுதுறையில் வாழ்ந்தவர் நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளை. பழைய திமிரி நாகஸ்வரத்தில் சுத்த மத்திமம் என்ற ஸ்வரம் சரியாகப் பேசாது. வித்வான்கள் உதட்டாலேயே சமாளிப்பார்கள். அந்தக் குறை தீர, ராஜரத்தினம் பிள்ளைக்கு நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி நீளம் கூடிய பாரி நாகஸ்வரத்தைச் செய்து கொடுத்தார். இன்று கல்யாண வீடுகளில் கேட்பது பெரும்பாலும் அந்தப் பாரிதான். பட்டறை என்பது இங்கே வீட்டின் ஒரு பகுதி. கேட்டுவிட்டு உள்ளே போங்கள், செருப்பைக் கழற்றிவிடுங்கள். அமாவாசை அன்று பல பட்டறைகள் திறக்காது.

திரும்பும்போது வந்த வழியே வர வேண்டாம். சீர்காழியில் முத்துத்தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை மூவருக்கும் மணிமண்டபம் இருக்கிறது. தியாகராஜருக்கு முன்பே தமிழில் கீர்த்தனை செய்தவர்கள். அங்கிருந்து சிதம்பரம், பிச்சாவரம், பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை. எண்ணூர்க் கழிமுகத்தில் அலையாத்திச் செடியைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பிச்சாவரத்தில் அதே மரம் காடாக நிற்பதைக் காட்டலாம். படகில் காலையிலேயே ஏறிவிடுங்கள், பத்து மணிக்கு மேல் தண்ணீரில் அடிக்கும் வெயில் தாங்காது.