துணை விமானி எப்போது குறுக்கிட வேண்டும்?

பயணிகள் விமானத்தில் விமானிகள் இருவர் இருப்பதை நாம் அறிவோம். ஒருவர் கேப்டன் எனப்படும் தலைமை விமானி. மற்றவர் துணை விமானி. விமானத்துக்கு முழுப் பொறுப்பு கேப்டனுடையது. அவர் ஆபத்தான முறையில் விமானத்தை இறக்கினால் அருகில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்? வாயால் சொன்னால் போதுமா, கையால் தடுக்கவும் வேண்டுமா? கேள்வி எளியது. ஆனால் இதற்குத் தெளிவான விடை இல்லாததால் நம் நாட்டில் பல உயிர்கள் பறிபோயின.

மங்களூரில் நடந்தது

2010 மே 22 அன்று காலை, துபாயிலிருந்து 166 பேருடன் வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் இறங்கியது. அங்குள்ள ஓடுபாதை குன்றின் உச்சியைச் சமன்செய்து அமைக்கப்பட்டது. நீளம் சுமார் 2,450 மீட்டர். ஓடுபாதையைத் தாண்டினால் பள்ளம்தான். விமானம் நிற்காமல் பள்ளத்தில் விழுந்து தீப்பற்றியது. 158 பேர் மாண்டனர். 8 பேர் பிழைத்தனர்.

கேப்டன் 10,000 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவசாலி. ஆனால் பயணத்தின் பெரும்பகுதியில் அவர் உறங்கிக்கொண்டிருந்தார் என்பதை விமானி அறையின் குரல் பதிவு காட்டியது. இறங்கும் கட்டத்தில் விமானம் இருக்க வேண்டிய உயரத்துக்கு வெகுமேலே இருந்தது. துணை விமானி, இறங்காமல் மீண்டும் மேலே ஏறும்படி மூன்று முறை கூறினார். தரை நெருங்குவதை உணர்த்தும் கருவியும் ஓயாமல் எச்சரித்தது. கேப்டன் கேட்கவில்லை. துணை விமானியும் கட்டுப்பாட்டைத் தம் கையில் எடுக்கவில்லை.

கணக்கு என்ன சொல்கிறது?

விமானம் கிடைமட்டத்துக்கு 3 பாகைச் சரிவில் இறங்குவது வழக்கம். ஓடுபாதையின் தொடக்கத்தைக் கடக்கும்போது உயரம் 50 அடி இருக்க வேண்டும். அப்படியானால் சரிவுக்கோடு தரையைத் தொடும் இடம் சுமார் 290 மீட்டர் தள்ளி இருக்கும். மங்களூரில் விமானம் கடந்த உயரமோ சுமார் 200 அடி! உயரம் நான்கு மடங்கானால் தொலைவும் நான்கு மடங்காகும். அதாவது சுமார் 1,160 மீட்டர். ஓடுபாதையில் ஏறத்தாழப் பாதி.

வேகமும் மிகுந்திருந்தது. 144 நாட் இருக்க வேண்டிய வேகம் 160 நாட்டைத் தாண்டியிருந்தது. வேகம் மிகுந்த விமானம் உடனே தரையில் அமராது, மிதந்து செல்லும். ஒரு நொடி மிதந்தால் சுமார் 80 மீட்டர் ஓடுபாதை வீணாகும். மேலும், இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் உள்ளது. 144-ஐ 160 ஆக்கினால் வேகம் 11 சதவீதம்தான் கூடும். ஆனால் பிரேக்குகள் அழிக்க வேண்டிய ஆற்றல் 23 சதவீதம் கூடிவிடும். முடிவில் விமானம் தரையைத் தொட்டது சுமார் 5,200 அடி கடந்த பிறகே. மிஞ்சியது 2,800 அடி. எஞ்சினின் எதிர்உந்துவிசையை இயக்கிய பின் மீண்டும் மேலே ஏறக் கூடாது என்பது விதி. கேப்டன் அதையும் மீறி ஏற முயன்றார்.

எவ்வளவு நேரம் இருக்கிறது?

நிமிடத்துக்கு 750 அடி வீதம் இறங்கும் விமானம் 1,000 அடியிலிருந்து தரையைத் தொட 80 நொடி ஆகும். 500 அடியிலிருந்து 40 நொடி. இறங்கும் வீதம் இரட்டித்தால் 40 நொடி 20 நொடியாகச் சுருங்கும். இதற்குள் பார்த்து, சொல்லி, மறுமொழிக்குக் காத்திருந்து, செயல்படவும் வேண்டும். "இன்னும் சற்றுப் பார்ப்போம்" என்பதற்கு இங்கே இடமில்லை.

எனவேதான் எல்லைகள் முன்கூட்டியே வகுக்கப்பட்டுள்ளன. மேகமூட்டத்தில் 1,000 அடியிலும், தெளிந்த வானில் 500 அடியிலும் விமானத்தின் வேகம், சரிவு, திசை மூன்றும் சீராகிவிட வேண்டும். இல்லையேல் மேலே ஏறிச் சுற்றிவந்து மீண்டும் இறங்க வேண்டும். துணை விமானி இதை உரக்கச் சொல்வது முதற்படி. இருமுறை சொல்லியும் தக்க மறுமொழி இல்லையானால் கேப்டன் செயலிழந்துவிட்டதாகவே கொண்டு, கட்டுப்பாட்டை எடுப்பது அடுத்த படி. "கட்டுப்பாடு என்னிடம்" என்று அறிவித்துவிட்டே எடுக்க வேண்டும். போயிங் 737-இல் இருவரின் பிடிகளும் ஒன்றோடொன்று இணைந்தவை. அறிவிக்காமல் எடுத்தால் இருவரும் எதிரெதிராக இழுக்கும் விபரீதம் நேரலாம்.

தயக்கம் ஏன்?

மங்களூர் விபத்தை ஆராய்ந்த விசாரணை மன்றம், துணை விமானிக்கு எவ்வளவு அதிகாரம் உண்டு என்பதில் விதிமுறைகள் தெளிவற்றிருந்ததைச் சுட்டிக்காட்டியது. பத்தாண்டுக்குப் பின், 2020 ஆகஸ்ட் 7 அன்று, கோழிக்கோட்டில் அதே கதை திரும்பியது. மழை, பின்னாலிருந்து வீசும் காற்று, மேட்டு ஓடுபாதை. சுமார் 2,700 மீட்டரில் பாதியைக் கடந்தே விமானம் தரை தொட்டது. துணை விமானி மேலே ஏறச் சொன்னார், கட்டுப்பாட்டை எடுக்கவில்லை. விமானிகள் இருவர் உட்பட 21 பேர் இறந்தனர். மூத்தவருக்கும் இளையவருக்கும் இடையே இருந்த பெரிய அதிகார ஏற்றத்தாழ்வையும் விசாரணை அறிக்கை ஒரு காரணமாகக் குறித்தது.

கடலூரிலிருந்து நெல்லிக்குப்பம் வழியே பண்ருட்டி செல்லும் பேருந்தைப் பாருங்கள். கண்டக்டர் ஒற்றை விசில் கொடுத்தால், எவ்வளவு மூத்த டிரைவரும் முதலில் பேருந்தை நிறுத்துகிறார். காரணத்தைப் பிறகுதான் கேட்கிறார். விசிலுக்கு வயதும் பதவியும் இல்லை. ஆனால் பேருந்து டிரைவர் நிறுத்தாவிட்டால் கண்டக்டரால் ஒன்றும் செய்ய முடியாது. துணை விமானிக்கோ விசிலும் உண்டு, கட்டுப்பாட்டுப் பிடியும் உண்டு. மூத்தவரை மதிப்பது நல்ல பண்புதான். ஆனால் ஓடுபாதை மதிப்பறியாது. மீட்டர்களை மட்டுமே அறியும். இரண்டாவது இருக்கை அமைக்கப்பட்டதன் பயன், சொல் பயனற்றுப்போகும் அந்தக் கணத்தில் கை நீள்வதில்தான் இருக்கிறது.